இறகு முளைக்காத கிளிகள்

காலை ஏழேகால் மணி. எழுந்து வந்ததும் நான் முதலில் பார்த்தது சாப்பாட்டு மேசையின் நடுவில் மல்லாத்தி வைத்திருந்த அம்மாவின் வெள்ளைத் தொப்பியை. கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும் அந்த நர்ஸ் தொப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆணியில் ஏறிவிடும். மேசைக்கு வந்ததே இல்லை. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல், உரித்த கோழியின் நிறத்தில், என் விரல் நீளத்தில் ஒன்று கிடந்தது. உடம்புக்குத் தலை பெரிது. அலகு மட்டும் இப்போதே வளைந்திருந்தது. அது மூச்சு விட்டபோது தோல் முழுவதும் ஏறி இறங்கியது.

"தொடாதே. கை கழுவிட்டு வா," என்றாள் அம்மா.

இரவு வேலை முடிந்து, முதல் பூசை பார்த்து, சந்தை வழியாக வந்திருந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. அன்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். இப்போது திருநீற்றுப் புதன் என்கிறோம்.

"என்னம்மா இது?"

"கிளி."

"கிளி பச்சையா இல்ல இருக்கும்?"

"இனிமேதான் பச்சையாகும்."

சந்தை வாசலில் கிளி விற்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். மூங்கில் கூடை நிறைய இறகு முளைத்த குஞ்சுகள். அவற்றுக்கு அடியில், துணிக்குக் கீழே, மறைத்து வைத்தது போல் இது கிடந்ததாம். விற்பதற்காகக் கொண்டு வரவில்லை, அவசரத்தில் மற்றவற்றோடு சேர்ந்து வந்துவிட்டது, மத்தியானத்துக்குள் போய்விடும் என்று அவரே சொன்னாராம். அம்மா காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டாள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமீபத்தில் ஒரு வீட்டார் கடையிலிருந்து நோய் பிடித்த நாய்க்குட்டியை வாங்கி வந்தார்கள். கண் முழுக்கப் பீளை; பின்னங்கால் நிற்கவில்லை. "அந்தக் கூண்டுல விட்டுட்டு வர மனசு வரல ஆன்ட்டி," என்றாள் அந்த வீட்டுப் பெண். லிஃப்டில் இருந்த எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். நான் பாராட்டவில்லை. நோயுற்ற பிராணியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் கடைக்காரருக்கு ஒரு செய்தி சொல்கிறார்: இதுவும் விலை போகும். அந்தச் செய்தி கடைக்காரரின் காதில் சரியாக விழும். நம் வயதுக்காரர்கள் சிலருக்கு இது கல்நெஞ்சுப் பேச்சாகப் படலாம். எங்கள் வீட்டில் ஒரு தவக்காலம் முழுவதும் நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் அப்படியே நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடு குடியரசாகி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் மகாராஜா அரண்மனையில்தான் இருந்தார். ராஜப்பிரமுகர் என்று பதவியின் பெயர் மாறியிருந்தது. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. பாதிக்குமேல் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். அப்பா உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா பிரசவ வார்டில் நர்ஸ். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் கறி எடுக்க மாட்டார்கள். சுத்தபோசனம் என்று பெயர். மற்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை மட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவுக்கு முழுக்காலமும் கறி கிடையாது. மிச்சமாகும் கறிக்காசை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகர டப்பாவில் போட்டு வருவார்கள். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் அன்று அது கோவில் தர்மப் பெட்டிக்குப் போகும். சாப்பிடாத கறி ஏழைகளின் சாப்பாடாக மாற வேண்டும் என்பது ஏற்பாடு. வேறு யாருக்கும் இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் தெருவில் அந்த டப்பாவைத் தொடுவது கோவில் உண்டியலைத் தொடுவதற்குச் சமம்.

அந்த டப்பாவில் அன்று முதலாவதாகப் போட வேண்டிய காசைத்தான் அம்மா கிளிக்குக் கொடுத்திருந்தாள். அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்து விஷயத்தைக் கேட்டார்.

"அது ஏழைங்களுக்குன்னு வெச்ச காசு."

"இதைவிட ஏழை யாரு?" என்றாள் அம்மா. "உடம்புல துணிகூட இல்ல."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்தவர் அந்தப் பேச்சில் தோற்றவர் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று காலையிலேயே மேசை வார்டாக மாறியது. அப்பா விடைத்தாள் திருத்தும் மேசை விளக்கு பறிமுதல் ஆனது. ஒரு பிஸ்கட் டின்னைப் படுக்கவைத்து, அதன் வாயருகே விளக்கைத் தாழ்த்தி வைத்தாள் அம்மா. குறைமாதக் குழந்தைக்குச் சூடுதான் முதல் மருந்து, பால் இரண்டாவது என்பாள். பொட்டுக்கடலையை மாவாக்கி, சலித்து, வெந்நீரில் கரைத்து, என் பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அதைக் கொண்டு ஊட்டினாள். கண்ணாடிக் குழாயும் சிவப்பு ரப்பர் குமிழும் உள்ள பில்லர். இன்றைய குழந்தைகளிடம் சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். நீல மையின் வாசனை அதை விட்டு முழுவதும் போகவில்லை. மாவில் மெல்லிய நீலம் ஓடியது. குஞ்சு அதைப் பொருட்படுத்தவில்லை. உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு, பம்பு அடிப்பது போல் விழுங்கியது. விழுங்கிய மாவு கழுத்தடிப் பையில் சேர்வது தோலுக்கு வெளியே தெரிந்தது. பை நிறைந்ததும் அம்மா நிறுத்திவிடுவாள்.

தங்கை அதற்குப் பெயர் வைக்கச் சொன்னாள். அம்மா மறுத்துவிட்டாள். "பேரு வெக்கிறது அதோட அப்பா அம்மா. நர்சு வெக்கக் கூடாது."

அந்தக் குஞ்சு பிழைத்தது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வெற்றிதான் காரணம். முதலில் கண் திறந்தது. பிறகு தோலுக்கடியில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. புள்ளிகள் குச்சிகளாயின, குச்சிகளின் நுனி வெடித்துப் பச்சை வந்தது. மே மாதம் அது கொய்யா மரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்து போனது. நல்ல காரியம் செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீடு கம்பவுண்டர் வீடு. கம்பவுண்டர் மனைவிக்கு வாய் நீளம். மனசு அதற்கு மேல். அதற்கடுத்த வீடு ரயில்வே கார்டு வீடு. கார்டு மனைவி எதைச் செய்தாலும் இரண்டாவதாகச் செய்வார், யாராவது முதலில் செய்திருக்க வேண்டும்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க," என்றார் கம்பவுண்டர் மனைவி. "நல்லதா வேண்டாம். சாகப்போறதாப் பாத்து."

"உனக்கு எதுக்குடீ?"

"எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் மனுஷங்களுக்கே குடுத்து வீணாக்குறாரு. கொஞ்சம் புண்ணியத்துக்கும் போகட்டும்."

அடுத்த வாரம் கார்டு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் படுத்தது. பால்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஏனம்மா, கிளி ஆஸ்பத்ரேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். தெரு முழுவதும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து கோவில் வாசலில் பெண்கள் கூடினால் மாவு கெட்டியா தண்ணியா என்பதே பேச்சு. விஷயம் கோவில் சாமியார் காதுக்கும் போய், ஒரு பிரசங்கத்தில், கறிக்காசை இப்படிச் சின்னஞ்சிறு உயிர்களுக்குச் செலவிடும் வீடுகள் இந்தப் பங்கில் உண்டு என்று சொன்னார். கம்பவுண்டர் மனைவி முழங்கையால் அம்மாவை இடித்தார். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காது சிவந்திருந்தது.

கிளிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிநத்தத்துக்காரர், காவிரிக் கரையில், காட்டோரத்தில் உள்ள தமிழ் ஊர் அது. கொள்ளேகாலம் வழியாகக் காய்கறி லாரியில் ஏறி வருவார். ஒல்லி, கழுத்தில் துண்டு, கைவிரல்கள் முழுக்கக் கிளி கடித்த வெள்ளைத் தழும்புகள். முதலில் சந்தை வாசலில் உட்கார்ந்தவர், தெருப் பெண்கள் வாங்கத் தொடங்கியதும் சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவுக்கே வந்தார். தெருமுனையிலேயே குரல் கொடுப்பார்.

"நர்சம்மா. வந்துட்டனுங்க."

மைசூர்த் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். அவர் பேசியது கலப்பில்லாத கொங்குப் பேச்சு. அதைக் கேட்கவே அம்மாவுக்குப் பிடிக்கும். மோர் கொடுப்பாள். அவர் தங்கையை அம்மிணி என்று கூப்பிடுவார். கிளி பேசுமா என்று தங்கை ஒரு முறை கேட்டதற்கு, "பேசுமுங்க அம்மிணி, ஆனா எங்க ஊருப் பேச்சுத்தான் பேசும், உங்களுக்குப் புரியாது," என்றார்.

கூடையை அவர் திறக்கும் விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் வாரங்களில் இறகு முளைத்த, கத்துகிற குஞ்சுகள் மேலே இருக்கும். நோயாளிகள் துணிக்கடியில். பிறகு, எந்த வாரம் என்று சொல்ல முடியாது, வரிசை மாறியது. எங்கள் வாசலில் துணியை விலக்கினால் முதலில் தெரிவது இறகில்லாதவை, தலை நிமிராதவை. ஒன்றைக் கையில் எடுத்து அதன்மேல் லேசாக ஊதிக் காட்டுவார். வெறும் தோல் சிலிர்க்கும். தங்கை, "ஐயோ, குளுருது அதுக்கு," என்பாள். அம்மா டப்பாவை எடுக்க உள்ளே போவாள். நல்ல குஞ்சுகளை அவர் எங்கள் தெருவில் காட்டக்கூட இல்லை. அவை துணிக்கடியில் இருந்தன, வேறு தெருக்களுக்கு.

வாங்கியவற்றில் பெரும்பாலானவை செத்தன. முதல் குஞ்சைக் காப்பாற்றிய அதே சூடு, அதே மாவு, அதே பில்லர். இரண்டு நாள், மூன்று நாள். காலையில் டின்னுக்குள் கழுத்து ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். தோல் சாம்பல் நிறமாகியிருக்கும். கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் புதைத்தோம். முதலில் அட்டைப் பெட்டி தேடினோம். கடைசி வாரங்களில் தீப்பெட்டியே போதுமானதாக இருந்தது.

அம்மா தளரவில்லை. பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று போனால் அடுத்ததைப் பார்க்கத் தெரியும். மாவில் குறையா, சூட்டில் குறையா என்று ஆராய்ந்தாள். இளநீர் கலந்து பார்த்தாள். கம்பவுண்டர் வீட்டிலிருந்து குளுக்கோஸ் வந்தது.

அப்பாதான் பேச்சை எடுத்தார். சாப்பாட்டு நேரம். மேசை விளக்கு கிளிக்குப் போன பிறகு அவர் விடைத்தாள்களை மாடத்துப் பல்புக்கு அடியில் நின்றுகொண்டே திருத்திக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலும் இருந்திருக்கும்.

"நீ வாங்குற வரைக்கும் அவன் கொண்டு வருவான்."

"நான் வாங்கலைன்னா இது சாகும்."

"வாங்கினாலும் சாகுது."

"சூடா, வயிறு நிறைஞ்சு சாகுது. கூடையில நசுங்கிச் சாகல."

"நீ ஒண்ணை எடுத்தா கூடையில ஒரு இடம் காலி. அந்த இடத்துல அவன் எதை வெப்பான்?"

"இடத்தைப் பத்தி நீங்க யோசிங்க. நான் குஞ்சைப் பத்தி யோசிக்கிறேன்."

இரண்டு பேரும் சொன்னது சரி. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதைத் தொடவே இல்லை. பின்னாளில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ தலையங்க வாதங்களைக் கேட்டிருக்கிறேன். பஞ்சம், அணை, ஆலை, எதுவாக இருந்தாலும் பாதி வாதங்கள் இந்த ஆறு வரிக்குள் அடங்கிவிடும்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. கிளிக்காரர் கூடையைத் திறந்தார். அன்று இருந்தவை முன்பு எப்போதையும்விடச் சிறியவை. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கு அடியில் நீலக் குமிழ். ஒன்றின் அலகு நுனியில், முட்டை ஓட்டை உடைக்கும் வெள்ளைப் புள்ளிகூட இன்னும் உதிரவில்லை. அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வார்டில் இருப்பது போல் ஆகிவிட்டது.

"ஏம்ப்பா, இதுக்கு வயசு என்ன?"

"நாலு நாளு இருக்குமுங்க."

"வாரா வாரம் சின்னதா வருதே. ஏன்?"

அவர் மோரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்பவரைப் போலச் சொன்னார்.

"அதுங்களா? ஒரே பொந்துல பெருசும் இருக்கும், சிறுசும் இருக்குமுங்க. ஒண்ணு முன்னால பொரியும், ஒண்ணு பின்னால பொரியும். முன்னயெல்லாம் கைய உட்டா றெக்கை மொளைச்சத மட்டும் எடுத்துக்குவோம். றெக்கை மொளைக்காத பச்சைக் குஞ்சைப் பொந்துலயே உட்டுப்போட்டு வந்துருவமுங்க. டவுனுக்குக் கொண்டாந்தா அது விலை போவாது. இப்ப அப்படி இல்லீங்களே. நீங்கல்லாம் வாங்கறீங்க. பொந்தோட வழிச்சுட்டு வந்துடறோம்."

அம்மா கையிலிருந்த குஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"பொந்துல விட்டா?"

"விட்டாங்களா? தாய்க்கிளி வருமுங்க. ஊட்டும். பொழைச்சுக்கும்."

"எல்லாமா?"

"எல்லாம்னு சொல்ல முடியாதுங்க, பாம்பு இருக்குது. ஆனா பொழைக்கும். எங்க பக்கமெல்லாம் கிளி அதுல வந்ததுதானுங்களே." பிறகு பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "எங்கூருல இப்ப இன்னும் ரெண்டு பேரு இந்தத் தொழில்ல எறங்கியிருக்காங்க. மைசூருல நர்சம்மா தெருன்னா அவங்களுக்கும் தெரியும்."

அவர் பேச்சில் கள்ளமே இல்லை. வாங்குகிறவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொண்டு வந்திருந்தார். கிளிகளைத் துன்புறுத்துவதில் அவருக்கு ஆசை இருந்திருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், விரட்டிவிட்டிருப்பாள்.

அன்று அம்மா கூடையில் இருந்த எல்லாக் குஞ்சுகளையும் வாங்கினாள். இனி வேண்டாம் என்று அவரிடம் சொன்னாளா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை. அவர் தெருமுனை திரும்பும் வரை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். மறுநாள் குருத்துப் பவனிக்குப் போகும்போது எல்லாம் செத்திருந்தன.

பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு, கோவில் படிக்கட்டிலேயே பெண்களைக் கூட்டினாள் அம்மா. கிளிக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கார்டு மனைவி குருத்தோலையைக் கிழித்துக் கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்.

"போன வாரம் வரைக்கும் புண்ணியம்," என்றார் கம்பவுண்டர் மனைவி. "இந்த வாரத்துலேருந்து பாவமா? சாமியாரைக் கேட்டுத்தான் சொல்றீங்களா?"

"சாமியாருக்குக் கிளி தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தானக்கா நாங்க வாங்கினோம்."

"எனக்கும் தெரியல. இப்பத் தெரியுது. அடுத்த சனிக்கிழமை அவன் வருவான். யாரும் வாங்கக் கூடாது. ஒரு வீடுகூட. ஒரே ஒரு சனிக்கிழமை வெறுங்கையோட போனான்னா, அதுக்கடுத்த தடவை பச்சைக் குஞ்சைப் பொந்துல விட்டுடுவான். அவன் வியாபாரி. வித்தாக் கொண்டு வருவான், விக்கலைன்னா கொண்டு வர மாட்டான்."

"அந்தச் சனிக்கிழமை கூடையில இருக்குறது?" என்று கார்டு மனைவி கேட்டார்.

"செத்துப்போகும்," என்றாள் அம்மா. "நம்ம கண்ணு முன்னாடி. அதைத் தாங்கிக்கணும். அந்த ஒரு நாளைக்குத் தாங்கிட்டா போதும்."

கம்பவுண்டர் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க தாங்கிருவோம். நீங்க?"

அம்மா எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "நான் சொன்னதுதானே," என்று சொல்லியிருக்கலாம். அவர் குணத்துக்குச் சொல்லாமல் இருந்ததே ஆச்சரியம். செய்தித்தாளை மடித்துவிட்டு, "சனிக்கிழமை நான் வீட்டுல இருக்கேன்," என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பரிசுத்த வாரம் வெயில் கடுமை. பெரிய வெள்ளி அன்று கோவிலில் மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டினார்கள். விரதம் இருந்த பெண்கள் வியர்த்துச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அம்மாவின் உதடு வெடித்திருந்தது. தங்கை என் காதில், "நாளைக்கு வர்ற கிளிக்கு யாரு மாவு குடுப்பா?" என்று கேட்டாள். வராது என்றேன். வரும் என்று எனக்குத் தெரியும்.

பெரிய சனி. கிளிக்காரர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். தெருமுனையில் குரல் கேட்டதும் கார்டு வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. கம்பவுண்டர் வீட்டுக் கதவு அதற்கு முன்பே சாத்தியிருந்தது. அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டுவிட்டு, குழம்பிய முகத்தோடு எங்கள் கம்பிக் கேட்டுக்கு வந்தார். அம்மா படியிறங்கிப் போய் கேட்டின் உள்பக்கம் நின்றாள். நானும் தங்கையும் கதவோரம். அப்பா முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில்.

"என்னங்க, தெருவே ஊருக்குப் போயிருச்சுங்களா?"

"வேண்டாம்ப்பா இன்னிக்கு."

"நர்சம்மாவுக்குன்னே கொண்டாந்தேன். ஒண்ணே ஒண்ணுதானுங்க மிச்சம். மத்ததெல்லாம் லாரியிலயே செத்துப் போயிருச்சு." துணியை விலக்கினார். எனக்குக் கூடை தெரியவில்லை. அம்மாவின் முதுகு தெரிந்தது.

"வேண்டாம்."

"கொடுக்கறதக் கொடுங்க."

"காசுக்காகச் சொல்லல. இனிமே வாங்க மாட்டேன். இந்தத் தெருவுல யாரும் வாங்க மாட்டாங்க. பச்சைக் குஞ்சைப் பொந்துலயே விட்டுடு."

"இதை இனி எப்படீங்க பொந்துல உடறது? மரம் அங்க, நான் இங்க."

"அடுத்த தடவை."

"அடுத்த தடவைய அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க. இப்ப இதுக்கு என்ன பண்றது?"

அம்மா கேட்டின் கொண்டியைப் போட்டாள்.

"சரி, சும்மாவாச்சும் வெச்சுக்கங்க," என்றார் அவர். "எங்கிட்ட இருந்தா மத்தியானம் தாங்காது. உங்க கையில இருந்தா பொழைச்சாலும் பொழைக்கும்."

"சும்மா வாங்கினா அடுத்த வாரம் நீ கொண்டு வருவே."

"அதுக்கில்லீங்க நர்சம்மா..."

"போப்பா."

அவள் இரண்டு கைகளும் கேட்டின் மேல்கம்பியில் இருந்தன. அந்தக் கைகளுக்குச் சூடான டின்னும் மாவும் தவிர வேறு எதுவும் தெரியாது. தங்கை அழத் தொடங்கினாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கிளிக்காரர் துணியை மூடி, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தார். அவர் கம்பவுண்டர் வீடு தாண்டி, கார்டு வீடு தாண்டிப் போகும் வரை அம்மா அப்படியே நின்றாள்.

அப்போது அப்பா வெளியே வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போடும் கோட்டை மாட்டியிருந்தார், உள்ளே வெறும் பனியன். அம்மாவைத் தாண்டி, கேட்டைத் திறந்து, வேகமாகத் தெருமுனைப் பக்கம் போனார். தெருவில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். திரும்பி வரும்போது கைக்குட்டையைக் கூட்டிப் பிடித்திருந்தார். நேராக உள்ளே போய் அதை மேசையில் வைத்தார்.

அம்மா பின்னாலேயே வந்தாள்.

"ஏன் வாங்கினீங்க?"

"நான் சொன்னது சரிதான்," என்றார் அப்பா. "இப்பவும் அதுதான் சரி."

"அப்புறம்?"

"நீ அந்தக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்துக்கிட்டு உள்ளே உட்கார முடியல."

"நின்னவ நான். என்னால முடிஞ்சுது," என்றாள் அம்மா. "உக்காந்திருந்த உங்களால முடியலையா?"

அப்பா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கோட்டுப் பையில் சில்லறை குலுங்கியது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அடுப்பில் வெந்நீர் வைத்து, பொட்டுக்கடலை மாவைச் சலிக்கத் தொடங்கினாள். மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. கம்பவுண்டர் மனைவி கறிக் கிண்ணத்தோடு வந்து, மேசையில் டின்னையும் விளக்கையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். குஞ்சு திங்கள் காலை வரை இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை கிளிக்காரர் தெருமுனையில் குரல் கொடுக்கவில்லை. கார்டு வீட்டிலும் கம்பவுண்டர் வீட்டிலும் நிற்கவில்லை. கூடையோடு நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார். அம்மா படிக்கு வந்தாள்.

"உங்களக் கூப்பிடலீங்க நர்சம்மா," என்றார். "வாத்தியாரய்யா இருக்காருங்களா?"